ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(எல்லார்க்குமான அடிப்படை வருமானம் பற்றிய ஆய்வுக் கட்டுரை. பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

முன்னுரை

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பதும் அவர்கள் சொன்னதே. முதலாவது, யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறது. இரண்டாவது, எவ்வளவு கொடுத்தோம், அது என்ன ஆயிற்று என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் வகுப்பில் இவ்விரு பழமொழிகளுக்கும் இடையே ஒரு வழக்கே நடந்தது எனலாம்.

ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்த சிஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டு, “ஏழை, பணக்காரர் என்று பாராமல், நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரசாங்கம் ஒரு தொகை கொடுத்தால் என்ன ஆகும்?” என்று கேட்டார். எங்களுள் பெரும்பாலோர் உடனே கை தூக்கினோம். “எல்லாரும் சோம்பேறி ஆகிவிடுவார்கள், சிஸ்டர்” என்றனர் ஒரு சாரார். “ஆண்கள் குடித்தே தீர்த்துவிடுவார்கள்” என்றனர் மற்றொரு சாரார். சிஸ்டர் இரண்டு பதில்களையும் கரும்பலகையில் எழுதினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “நல்லது. இதை யார் வீட்டில் பார்த்தீர்கள்?” என்று கேட்டார். வகுப்பில் ஓசையே இல்லை.

“பார்க்காததைப் பார்த்ததுபோல் சொல்லக் கூடாது. இதை எங்கேனும் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு வாருங்கள். அப்படியே அவரவர் வீட்டிலும் அம்மாவைக் கேட்டு வாருங்கள்” என்றார். அந்தத் தேடலில் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

அடிப்படை வருமானம் என்பது யாது?

எல்லார்க்குமான அடிப்படை வருமானத்திற்கு ஐந்து இலக்கணங்கள் சொல்லப்படுகின்றன. அது அரிசியாகவோ துணியாகவோ அல்லாமல் பணமாகக் கொடுக்கப்பட வேண்டும். குடும்பத்திற்கு என்றில்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட வேண்டும். ஒருவர் விடாமல் எல்லார்க்கும் கொடுக்கப்பட வேண்டும். இதைச் செய்தால்தான் தருவோம் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்து நிறுத்தாமல் தவணை தவறாமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் வீடுகளுக்கு வரும் உதவிகளோடு வைத்துப் பார்ப்போம். ரேஷன் அரிசி பணமன்று. சத்துணவு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்து உயர்கல்வியில் சேர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடைக்காலத்திற்கு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்கப்படுகிறது. அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. அது குடும்பத்திற்கு உரியது, அந்தக் காலத்திற்கு உரியது.

இவை எல்லாவற்றிலும் இக்கருத்துக்கு மிக அருகில் வருவது, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் செலுத்தப்பட்டது. அதை எப்படிச் செலவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆயினும் அது எல்லார்க்கும் உரியதன்று. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்திருக்கக் கூடாது என்றெல்லாம் வரையறைகள் இருந்தன. சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்ததில் தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

பழைய கருத்தே

இது நேற்றுப் பிறந்த கருத்து என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவ்வாறன்று. 1797ஆம் ஆண்டிலேயே தாமஸ் பெயின் என்ற அறிஞர், நிலம் ஆதியில் எல்லார்க்கும் பொதுவாக இருந்தது, எனவே 21 வயதை அடையும் ஒவ்வொருவருக்கும் 15 பவுன் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், தரைக்கடியில் கிடைக்கும் எண்ணெய் மக்கள் எல்லாருக்கும் பொது என்று கருதி, 1982 முதல் அங்கு வாழும் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஆண்டுதோறும் ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள்.

நம் பழவேற்காடு ஏரியிலும் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஒருவரே வளைத்துக்கொள்ளாமல், மீனவர் தமக்குள் முறை வைத்து வலை வீசுவார்கள். பொதுவானதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு என்ற எண்ணம் அதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடு, உரிமை பெற்ற ஊர்க்காரர்களுக்குத்தான். கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே ‘எல்லார்க்கும்’ என்று யார் சொன்னாலும், அந்த ‘எல்லாரும்’ யார் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை இதிலிருந்து கற்றுக்கொண்டோம்.

மத்தியப் பிரதேசத்தில் நடந்த சோதனை

நிற்க. நம் நாட்டில் இக்கருத்தை முறையாகச் சோதித்துப் பார்த்த இடம் மத்தியப் பிரதேச மாநிலம். 1972இல் எலா பட் அம்மையார் அகமதாபாத்தில் தொடங்கிய ‘சேவா’ என்னும் சுயதொழில் மகளிர் சங்கம், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபின் பண உதவியோடு, இந்தூர் நகரை அடுத்த கிராமங்களில் 2011ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. இதை அரசாங்கம் நேரடியாக நடத்தவில்லை. ஆயினும் அரசாங்கங்கள் கற்றுக்கொள்ளத் தக்க சோதனை இது.

எட்டுக் கிராமங்களில் ஆண், பெண், கிழவர், குழந்தை என்று எல்லாருடைய பெயரும் எழுதப்பட்டது. பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 ரூபாய். பிள்ளைகளின் தொகை தாயின் கையிலோ பாதுகாவலரின் கையிலோ கொடுக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பின் இத்தொகை 300 ரூபாய், 150 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு முதலில் மாதம் 700 ரூபாயும் பின்னர் 1,050 ரூபாயும் வந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். சற்றேறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம் இது நடந்தது. பழங்குடியினர் கிராமம் ஒன்றிலும் இதேபோல் ஓராண்டு நடந்தது. மொத்தம் 6,000 பேருக்கு மேல் பணம் பெற்றனர்.

இது எளிய தொகைதான். அதைக்கொண்டு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிட முடியாது. அரிசி, கோதுமை, மருந்து, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. அங்கே ரேஷன் முதலிய பழைய உதவிகள் எதையும் நிறுத்தவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஏன் பன்னிரண்டு கிராமங்களுக்குக் கொடுக்கவில்லை?

தாவரம் வெளிச்சத்தில்தான் மாவுப்பொருள் தயாரிக்கிறது என்பதை நிரூபிக்க நாம் அறிவியல் வகுப்பில் என்ன செய்கிறோம்? ஓர் இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, மற்றப் பகுதியை வெயிலில் விடுகிறோம். மூடாத பகுதியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதில்லை. மூடிய பகுதியோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம்.

அதுபோலவே, எட்டுக் கிராமங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள், அவற்றைப் போன்ற வேறு பன்னிரண்டு கிராமங்களைப் பணம் கொடுக்காமல் கவனித்து வந்தார்கள். இவற்றை ஒப்பீட்டுக் கிராமங்கள் எனலாம். பணம் கொடுத்த ஊரில் பிள்ளைகளின் எடை கூடிற்று என்று வைத்துக்கொள்வோம். அது பணத்தாலா, அல்லது அவ்வாண்டு மழை நன்றாகப் பெய்ததாலா? மழை எல்லா ஊர்களுக்கும் பொது. ஒப்பீட்டுக் கிராமங்களில் எடை அந்த அளவு கூடவில்லையென்றால் காரணம் மழையன்று என்று தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பு, நடுவில் ஒன்று, இறுதியில் ஒன்று என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். இதுதான் ‘அளந்து போடுதல்’.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இங்குமங்குமாகச் சில வீடுகளைப் பொறுக்காமல் ஊர் முழுவதற்கும் கொடுத்தார்கள். எல்லார் கையிலும் காசு வந்தால் கடைக்காரர் விலையை ஏற்றிவிடுவாரா, அண்டை வீட்டார்மேல் பொறாமை வருமா, ஊரே சேர்ந்து ஏதாவது செய்யுமா என்பதெல்லாம் ஊர் முழுவதும் கொடுத்தால்தான் தெரியவரும்.

என்ன கண்டார்கள்?

இச்சோதனையின் முடிவுகளை சரத் தவாலா, ரெனானா ஜாப்வாலா, சௌம்யா கபூர் மேத்தா, கை ஸ்டாண்டிங் ஆகிய நால்வரும் 2015இல் ஒரு நூலாக வெளியிட்டார்கள். அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. பணம் பெற்ற ஊர்களில் குழந்தைகளின் வயதுக்கேற்ற எடை முன்னேறியது. சிறுமியரிடம் இது அதிகமாகக் காணப்பட்டது.

2. பள்ளிக்குச் செலவிடுவது கூடியது. சீருடை, செருப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்குப் பணம் கிடைத்ததால் பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்றனர். உயர்நிலை வகுப்பு வயதில் உள்ள பெண் பிள்ளைகள் இதனால் மிகவும் பயனடைந்தனர்.

3. மக்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. பலர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்வதைக் குறைத்து, தம் சொந்த நிலத்தில் அதிகமாக உழைத்தனர். விதை, உரம், ஆடு மாடு வாங்கினர்.

4. கடன் வாங்குவது குறைந்து, சேமிப்பது கூடியது.

5. குடிப்பழக்கம் அதிகரித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

ஐந்தாவதைப் படித்தபோது, கரும்பலகையில் எழுதப்பட்ட எங்கள் பதில் நினைவுக்கு வந்து நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இவ்வளவு சிறிய தொகை இவ்வளவு வேலை செய்தது எப்படி? ஏழை வீட்டில் பணம் குறைவாக வருவது ஒரு துன்பம். அது எப்போது வரும் என்று தெரியாமலிருப்பது அதைவிடப் பெரிய துன்பம். விதைக்கும் காலத்தில் கையில் காசில்லை என்றால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போக வேண்டும். சொந்த நிலம் தரிசாகக் கிடக்கும். மாதந்தோறும் தவறாமல் வரும் 200 ரூபாய் அந்த முடிச்சை அவிழ்க்கிறது.

எங்கள் அம்மாமார் சொன்னவை

சிஸ்டர் சொன்னபடி நாங்கள் வீட்டிலும் கேட்டோம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி என்று நாற்புறமும் நீர் சூழ்ந்த காட்டுப்பள்ளிப் பகுதியில் எங்கள் வீடுகள் பல உள்ளன. துறைமுகமும், கப்பல் கட்டும் தளமும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் வந்த பிறகு ஒரே தெருவில் ஒரு வீட்டார் கடலுக்குப் போகிறார்கள், அடுத்த வீட்டார் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். இரண்டு வேலைகளுக்கும் நிச்சயமில்லை. கடலில் மீன் கிடைக்காத நாளும் உண்டு, ஒப்பந்தக்காரர் நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லும் நாளும் உண்டு.

எங்கள் தோழி ஒருத்தியின் தாய் கூடையில் மீன் விற்பவர். விடியற்காலையில் மீன் எடுக்க முன்பணம் வேண்டும். அதற்குத் தண்டல்காரரிடம் வாங்குவார். கையில் 900 ரூபாய் கொடுத்து, நாளொன்றுக்கு 10 ரூபாய் வீதம் நூறு நாளில் 1,000 ரூபாயாக வாங்கிக்கொள்வார்கள். உரிமைத் தொகை வந்த பிறகு அதை என்ன செய்தீர்கள் என்று மகள் கேட்டதற்கு, “தண்டலை விட்டேன்” என்று மூன்றே சொற்களில்கூட இல்லாமல் பதில் சொன்னாராம். இந்தூர் கிராமங்களில் நான்கு அறிஞர்கள் கண்டதை, இந்த அம்மா இரண்டு சொற்களில் சொல்லிவிட்டார்.

இன்னொரு தோழியின் தாய்க்கு அத்தொகை கிடைக்கவில்லை. அவர்கள் இருப்பது ஓட்டு வீடு. பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களும் சேர்ந்து மூன்று அடுப்பு எரிகிறது. மூன்று குடும்பத்திற்கும் ஒரே மின் மீட்டர். மூன்று வீட்டுச் செலவும் ஒரே எண்ணில் ஏறியதால் வரையறையைத் தாண்டிவிட்டது என்று மனு தள்ளப்பட்டது. அந்தத் தோழி பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடலாமா என்று சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் வீட்டில் பேச்சு நடந்தது. மூத்த அண்ணன் கூடுதல் நேர வேலை பார்த்து அதைத் தடுத்தார். அவள் இதை வகுப்பில் சொன்னபோது அழவில்லை. நாங்கள்தான் தலைகுனிந்து இருந்தோம்.

பாத்திரம் அறிந்துதான் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் நாங்கள். ஆனால் பாத்திரத்தை அறிவது அவ்வளவு எளிதன்று என்பது அப்போது புரிந்தது. மின் மீட்டர் எண்ணிக்கையைக் காட்டும், எத்தனை அடுப்பு என்று காட்டாது. எல்லார்க்கும் கொடுத்தால் தேவையில்லாத சிலருக்கும் போய்ச் சேரும். தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் தேவையுள்ள சிலர் விடுபடுவார்கள். இவ்விரண்டில் எந்தத் தவறு பெரியது என்பதே உண்மையான கேள்வி.

பிற இடங்களின் அனுபவம்

கனடா நாட்டில் மானிட்டோபா மாகாணத்து டாஃபின் என்னும் சிற்றூரில், 1974இல் தொடங்கி அரசாங்கமே ஒரு சோதனை நடத்தியது. வருமானம் குறைந்த எந்தக் குடும்பமும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதபடி பணம் கொடுத்தார்கள். 1979இல் ஆட்சி மாறி, நிதியும் தீர்ந்து, முடிவுகளை ஆராயாமலே திட்டம் மூடப்பட்டது. எழுதிய தாள்கள் எல்லாம் சுமார் 1,800 பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கிடந்தன. பல ஆண்டுகளுக்குப் பின் எவலின் ஃபார்ஜே என்ற பொருளாதாரப் பேராசிரியை அவற்றைத் தேடிச் சென்றார். மருத்துவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, சோதனை நடந்த காலத்தில் அவ்வூர் மக்கள் மருத்துவமனையில் சேர்வது ஒப்பீட்டுக் குழுவைவிட 8.5 விழுக்காடு குறைந்திருந்தது என்று 2011இல் வெளியிட்டார். மாணவர்கள் இறுதி வகுப்பு வரை படிப்பதும் கூடியிருந்தது. சோதனை செய்தால் மட்டும் போதாது, விடைத்தாளைத் திருத்தவும் வேண்டும் என்பது இதன் பாடம்.

பின்லாந்து நாட்டு அரசாங்கம் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தது. வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. அவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்குச் சுமார் ஆறு நாள் அதிகமாக வேலை செய்தார்கள். ஆறு நாள் என்பது பெரிய வேறுபாடன்று. ஆனால் சோம்பேறி ஆகவில்லை என்பதற்கு அது போதும். மனக்கவலை குறைந்து, பிறர்மேல் நம்பிக்கை கூடியதாகவும் அவர்கள் தெரிவித்தனர்.

நமக்கு மிக அருகிலுள்ள புதுச்சேரியில் 2015ஆம் ஆண்டு வேறு மாதிரியான சோதனை ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. அங்கே ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கியில் பணம் செலுத்தப்பட்டது. அரிசியா, பணமா என்ற வாதம் அங்கே பல ஆண்டுகள் நடந்தது. இந்தூரில் இருப்பதோடு சேர்த்துக் கொடுத்தார்கள். புதுச்சேரியில் இருப்பதை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடக் கூடாது.

மறுப்பும் கணக்கும்

எதிர்த்தரப்பு வாதங்களையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதலாவது, பணம் எங்கிருந்து வரும்? நாங்களே ஒரு கணக்குப் போட்டோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய். மொத்தம் 86,520 கோடி ரூபாய் ஆகிறது. 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மட்டும் என்றால் 12,720 கோடி ரூபாய். ஏறத்தாழ ஏழு மடங்கு வித்தியாசம்! 2017 ஜனவரியில் வெளியான இந்தியப் பொருளாதார ஆய்வறிக்கையில், அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையிலான குழுவும் இதற்கென்று ஓர் அத்தியாயமே எழுதியது. ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய் என்று கணக்கிட்டு, மக்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் கொடுத்தாலும் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 4.9 விழுக்காடு செலவாகும் என்று காட்டியது. ஆகவே செலவு சிறிதன்று.

இரண்டாவது, ஒன்றரை ஆண்டில் முடியும் என்று தெரிந்த பணத்தை மக்கள் ஒருவிதமாகவும், ஆயுள் முழுவதும் வரும் பணத்தை வேறுவிதமாகவும் செலவிடக்கூடும். எந்தச் சிறு சோதனையும் இதை முழுமையாகக் காட்டாது.

மூன்றாவது, பணத்தால் வாங்க முடியாதவை உள்ளன. கழிமுகம் கெட்டால் இறால் வராது. கடற்கரை அரித்துப் போனால் படகை ஏற்றி நிறுத்த இடமில்லை. நல்ல பள்ளியும் மருத்துவமனையும் ஊரில் இல்லாவிட்டால் கையில் இருக்கும் ஆயிரம் ரூபாய் எங்கே போகும்? மாதப் பணம் கொடுத்துவிட்டோம், இனி மற்றதைக் கேட்காதீர்கள் என்று எந்த அரசாங்கமும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

நம் பகுதியில் சோதித்தால்...

அரசாங்கம் ஒருநாள் இச்சோதனையைக் காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் நடத்த முன்வந்தால் எப்படி நடத்தலாம் என்று நாங்கள் குழுவாகக் கூடிப் பேசினோம். எங்கள் யோசனைகள் இவை.

மீனவர் குப்பம் ஒன்று, இருளர் குடியிருப்பு ஒன்று, தொழிற்சாலைத் தொழிலாளர் வாழும் தெரு ஒன்று என்று மூன்று வகையிலும் இடம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒப்பீட்டு இடம் ஒன்றும் வேண்டும். சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் அண்ணன்மாரும் அந்த ‘எல்லாருள்’ சேர்வார்களா என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். இந்தூர்ச் சோதனையில் தொடக்கத்தில் ஊரில் இருந்தவர்களுக்கே பணம் கிடைத்தது, பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. அங்கே வெளியூரார் குறைவு. இங்கே அப்படியன்று.

தடைக்காலத்துக்கு முன்பே தொடங்கி, குறைந்தது இரண்டு ஏப்ரல், மே மாதங்களைப் பார்க்க வேண்டும். மீன் நிறைய வரும் மாதத்தில் மட்டும் அளந்தால் அளவு பொய்யாகிவிடும். பிள்ளைகளின் எடை, பள்ளி வருகை, தண்டல் கடன் ஆகிய மூன்றையும் கட்டாயம் அளக்க வேண்டும். ரேஷனையும் சத்துணவையும் தொடக் கூடாது. பணம் ஒவ்வொருவர் பெயரிலும், பிள்ளைகளின் பங்கு தாயின் கையிலும் சேர வேண்டும். முடிவு நல்லதாயினும் கெட்டதாயினும் ஊர்க்கூட்டத்தில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அது பெட்டியில் போகக் கூடாது. ஒப்பீட்டு ஊர்க்காரர்களுக்கும் சோதனை முடிந்தபின் அதே காலத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். காத்திருந்தவர்களும் அச்சோதனைக்கு உழைத்தவர்களே அல்லவா?

முடிவுரை

கட்டுரையை வகுப்பில் படித்து முடித்ததும், சிஸ்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டு, கை தூக்கச் சொன்னார். இம்முறை கைகள் மெதுவாகவே உயர்ந்தன. கொடுக்கலாம் என்றனர் சிலர். இவ்வளவு செலவு செய்வதைவிடப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவிடலாம் என்றனர் சிலர். ஆனால் “குடித்துத் தீர்த்துவிடுவார்கள்” என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை.

தோழியரே, முதல் நாள் நாங்கள் அப்படிச் சொன்னபோது யாரை நினைத்துச் சொன்னோம்? யாரோ தெரியாத ஏழைகளை நினைத்துச் சொன்னோம். அந்த ஏழைகள் எங்கள் அம்மாமாரே என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. தண்டலை விட்ட அம்மாவும், ஒரே மீட்டரால் தள்ளப்பட்ட அம்மாவும் எங்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களின் அம்மாமார். இந்தத் தவறை நாங்கள் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறோம்.

பிச்சை என்று நினைத்தால் பாத்திரத்தைப் பார்க்கத் தோன்றும். பங்கு என்று நினைத்தால் எல்லார்க்கும் சமமாகப் பிரிக்கத் தோன்றும். இரண்டில் எது சரி என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எதைச் செய்தாலும் முதலில் ஓர் ஊரில் அளந்து பார்த்து, கண்டதை மறைக்காமல் சொல்லட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். படிப்பை நிறுத்தலாமா என்ற பேச்சு எந்தத் தோழியின் வீட்டிலும் இனி எழாதிருக்கட்டும்.